இடிந்த மடாலயங்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் ஏன் எல்லாம் ஒரே சாம்பலாகிறது?

ஜூன் மாதம் இங்கிலாந்து போயிருந்தபோது யார்க்‌ஷயரில் ஃபவுன்டன்ஸ், ரீவோ என்ற இரண்டு பாழடைந்த மடாலயங்களைப் படமெடுத்திருக்கிறீர்கள். வண்ணத்தில் நன்றாகவே இருந்த படங்கள், கருப்பு வெள்ளைக்கு மாற்றியதும் செத்துப்போய்விட்டன; கல்லும் புல்லும் ஒரே சாம்பல். ‘அந்தக் காலத்துப் படம்’ போல வர எந்த ஃபில்டர், எந்த பிரீசெட் (மென்பொருளில் தயாராக இருக்கிற அமைப்பு), இல்லையென்றால் ஃபிலிம் கேமராவே வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியை இரண்டாவது முறை படித்தபோதுதான் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது: நேரில் நின்றபோது தொண்டை அடைத்தது, படத்தில் அது இல்லை என்று. என்னைக் கேட்டால் கேள்வியே அதுதான். அது எங்கே தொலைந்தது என்று தெரிந்துவிட்டால் ஃபில்டர் விஷயம் பாதி தீர்ந்துவிடும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கருப்பு வெள்ளை மட்டும் எடுப்பவன். முதல் பாதி ஃபிலிமும் இருட்டறையும், அப்புறம் டிஜிட்டல். இந்த மாதிரி இடிபாடுகளில் கழித்த நாட்கள் நூறைத் தாண்டும், பெரும்பாலும் வட இங்கிலாந்தில். கட்டடக்கலை என் படிப்பு அல்ல. கல்லைப் பற்றியும் துறவிகளைப் பற்றியும் நான் சொல்வதெல்லாம் படம் எடுக்கத் தேவைப்பட்ட அளவுக்குத் தெரிந்துகொண்டது.

முதலில் சாம்பல் விஷயம். இது ரசனை சம்பந்தப்பட்டதே அல்ல, கணக்கு. வெட்டிவிட்ட பசும்புல்லை ஒளிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய நடு சாம்பல், அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற சாம்பல், கிடைக்கும். கையில் அந்த நடு சாம்பல் நிற அட்டை இல்லாதபோது புல்லை அளந்து எக்ஸ்போஷர் (கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தின் அளவு) வைப்பது பழைய ஆட்களின் கைவழக்கம். பல நூறு வருடம் வெயிலும் மழையும் பட்ட மணற்கல்லும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் விழும். உங்கள் கண் இரண்டையும் பிரித்தது நிறத்தை வைத்து: ஒன்று பச்சை, ஒன்று தேன் கலந்த பழுப்பு. நிறத்தை எடுத்துவிட்டால் பிரிப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. ஆகவே மென்பொருள் தப்பு செய்யவில்லை, உள்ளதைத்தான் காட்டியது. கருப்பு வெள்ளையில் ஒரு பொருளை இன்னொன்றிலிருந்து பிரிக்க இரண்டே வழி. ஒன்று, வெளிச்சம் ஒன்றின் மேல் விழுந்து மற்றதன் மேல் விழாமல் இருக்க வேண்டும். இரண்டு, ஃபில்டரோ மென்பொருளின் வண்ண ஸ்லைடரோ போட்டு ஒரு நிறத்தை ஏற்றி இன்னொன்றை இறக்க வேண்டும். எல்லோரும் இரண்டாவதில் தொடங்குகிறார்கள். நான் முதலாவதில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் அதை வீட்டுக்கு வந்து சரிசெய்ய முடியாது.

ஜூனில் நடுப்பகலில் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யார்க்‌ஷயர் 54 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் அங்கே ஏறக்குறைய 59 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் கடைசியில் அதே நண்பகலில் வெறும் 12 டிகிரி. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் பத்து மணிக்கு வாசல் திறந்து மாலை அடைக்கும்வரை உங்களுக்குக் கிடைப்பது அனேகமாக உயரத்து வெயில். அது சுவர்மேல் பரவலாக விழுந்து, வேலைப்பாடு எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். குளிர்காலத்தில் பகல் சின்னது, டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும்; ஆனால் இருக்கிற நேரம் முழுக்கச் சாய்ந்த வெயில். ஒரு சுவரை உரசிக்கொண்டு போகிற வெளிச்சம் வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். குளிரில் விரல் மரத்துப்போகும், மூன்று நாளில் இரண்டு நாள் மேகம் மூடியிருக்கும். மூன்றாவது நாள் அதற்கெல்லாம் ஈடு கட்டிவிடும்.

உரசுகிற வெளிச்சம் என்றால் என்ன என்று ஒரே ஒரு கல்லை வைத்துச் சொல்கிறேன். ஒரு மடாலயத்தின் தூண் ஒன்றை ஏழெட்டு முறை எடுத்திருக்கிறேன், வழவழவென்று வெட்டிய கல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜனவரி மாலை, மூன்று மணி இருக்கும், வெயில் தூணின் பக்கவாட்டில் கிட்டத்தட்ட இணையாக ஓடியது. கல் முழுக்கச் சரிவான உளிக்கோடுகள் எழுந்தன, சீப்பு வாரியது போல. இடுப்பு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குறி: இரண்டு கோடு குறுக்காக, நடுவில் ஒரு சின்ன வெட்டு. கல்தச்சன் ஒருவன் இது என் வேலை என்று காட்டப் போட்ட அடையாளம். பத்து நிமிடம் இருந்தது. சூரியன் ஒரு மரத்துக்குப் பின்னால் போனதும் தூண் மறுபடி வழவழப்பாகிவிட்டது. அந்தக் குறியை எந்த ஸ்லைடராலும் கொண்டுவந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஏழு படங்களிலும் அது இல்லவே இல்லை.

வெளிச்சம் எந்தச் சுவரை எப்போது உரசும் என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். இந்தத் தேவாலயங்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கட்டப்பட்டவை, பீடம் கிழக்கில். அதனால் காலை வெயில் கிழக்கு ஜன்னலின் வெறும் கல் சட்டம் வழியாக உள்ளே வந்து தரையில் நீள நிழல் போடும். மாலை வெயில் மேற்கு வாசல் வழியாக வரும். தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் காலையிலும் மாலையிலும் உரசல் வெளிச்சம் பெறும். வடக்கு வெளிச்சுவருக்குக் கோடையின் விடிகாலையிலும் அந்தியிலும் மட்டும்தான் வெயில், ஜூனில் சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் விழுவதால். ரீவோ மட்டும் இந்தக் கணக்கை உடைக்கும். பள்ளத்தாக்கு இடம் கொடுக்காததால் அங்கே தேவாலயத்தைக் கிட்டத்தட்ட வடக்கு தெற்காகத் திருப்பிக் கட்டினார்கள். சம்பிரதாயப்படி ‘கிழக்கு’ என்று சொல்லப்படுகிற பீட முனை உண்மையில் தெற்கைப் பார்த்து இருக்கிறது. அதனால் குளிர்காலத்து நண்பகலில், மற்ற இடங்களில் படக்காரர்கள் தேநீர் குடிக்கப் போகிற நேரத்தில், ரீவோவில் பீடத்து ஜன்னல் வழியாக வெயில் நீளவாக்கில் உள்ளே இறங்கும். நீங்கள் காலையில் அங்கே போய்விட்டு மதியம் ஃபவுன்டன்ஸ் போனதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றிப் போயிருக்கலாம்.

இப்போது தொண்டை அடைத்த விஷயம். அது கல்லால் வந்ததா? ஃபவுன்டன்ஸின் பொருட்கிடங்கில், அதாவது ஏறக்குறைய 90 மீட்டர் நீளத்துக்கு வளைகூரை அப்படியே நிற்கிற அந்த நீண்ட கூடத்தில் நிற்பதும், கூரையில்லாத தேவாலயத்தின் நடுவில் நிற்பதும் இரண்டு வேறு உணர்வுகள். முதலாவது பிரமிப்பு. இரண்டாவதில்தான் ஏதோ ஒன்று பிடிக்கிறது. அங்கே இருப்பதைவிட இல்லாமல் போனது பெரிது: கூரை. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மடாலயங்களைக் கலைத்தார். ரீவோ 1538இல் போனது, ஃபவுன்டன்ஸ் 1539இல். கூரையில் போர்த்தியிருந்த ஈயத்துக்கு நல்ல விலை. அதை உரித்து அங்கேயே உருக்கிக் கட்டியாக வார்த்து எடுத்துப்போனார்கள். ஈயம் போனால் மரம் நனையும், மரம் இற்றால் வளைவு விழும், மீதியை மழையும் கல் எடுக்க வந்த ஊர்க்காரர்களும் பார்த்துக்கொண்டார்கள். ரீவோவில் இடிபாட்டுக்கு அடியில் அரச முத்திரை குத்திய ஈயக் கட்டிகள் 1920களில் கிடைத்தன. எடுத்துப்போக வேண்டியவை, மேலே கல் சரிந்து அப்படியே கிடந்துவிட்டன. அந்த ஈயம் யார்க் பெருந்தேவாலயத்தின் ‘ஐந்து சகோதரிகள்’ ஜன்னலைப் பழுதுபார்க்கப் பயன்பட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கூரை போனது உங்கள் எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கிறது. கட்டியவன் நினைத்தது இருட்டான உள்ளிடம், ஜன்னலில் மட்டும் வெளிச்சம். இன்றைக்கு வெளிச்சம் மேலிருந்து கொட்டுகிறது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிரகாசம். உள்ளே இருக்கிற உணர்வு நமக்கு வருவது மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்திருப்பதால். கேமராவின் சட்டம் அந்தச் சுவர்களை வெட்டி ஒன்றை மட்டும் எடுத்தால், சும்மா வெயிலில் நிற்கிற ஒரு சுவர்தான் வரும். அதனால் நான் செய்வது: சட்டத்தின் ஓரங்களில் இரண்டு பக்கமும் இருட்டான, கிட்டத்தட்ட கருப்பான சுவரோ தூணோ வருகிற மாதிரி நின்று, நடுவில் வெளிச்சத்தை வைப்பது. பக்கத்து நடைக்கூடத்தின் வளைவுக்குள் பின்வாங்கி நின்றால் இது சுலபம். இருட்டிலிருந்து பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் மேலே வானம் திறந்திருப்பது தெரியும். உங்கள் படங்களில் ஒன்றிலும் உண்மையான கருப்பு இல்லை என்று பந்தயம் கட்டுவேன். நிழலில் எல்லா விவரமும் தெரிய வேண்டும் என்று ஸ்லைடரை ஏற்றியிருப்பீர்கள். இறக்குங்கள்.

சரி, ஃபில்டர். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: லென்ஸ் முன்னால் மாட்டுகிற நிறக் கண்ணாடிதான் ஃபில்டர்; அது தன் நிறத்தை வெளுப்பாக்கும், எதிர்நிறத்தைக் கருப்பாக்கும். மஞ்சள், 8ஆம் எண், ஒரு ஸ்டாப் தின்னும் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்), நீல வானத்தை மெல்ல இறக்கும். ஆரஞ்சு, 21ஆம் எண், சுமார் இரண்டு ஸ்டாப். சிவப்பு, 25ஆம் எண், மூன்று ஸ்டாப். நீல வானம் கிட்டத்தட்ட கருப்பாகும், புல்லும் கறுக்கும். பழுப்பு மணற்கல்லுக்கு ஆரஞ்சு என் வழக்கம், கல் கொஞ்சம் எழும், புல் கொஞ்சம் அமிழும், இரண்டும் பிரிந்துவிடும். கம்ப்ரியாவில் இருக்கிற ஃபர்னஸ் மடாலயம் செம்மணற்கல். அங்கே சிவப்பு ஃபில்டர் போட்டால் கல் எலும்பு மாதிரி வெளுத்துப்போகும். பச்சை போட்டால் கல் கறுத்துப் புல் வெளுக்கும். ஒரே சுவர், ஒரே நிமிடம், இரண்டு நேரெதிர் படங்கள். எது சரி என்று கேட்டால் பதில் கிடையாது. நான் பச்சையைத் தேர்ந்தேன், என் மனதில் அந்த இடம் கனமான இடம். டிஜிட்டலில் இதே வேலையை ரா ஃபைலில், அதாவது கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பில், வண்ண ஸ்லைடர்கள் செய்யும், முன்னால் கண்ணாடி மாட்டத் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: நீல ஸ்லைடரை அடிவரை இழுக்காதீர்கள். வானத்தில் மணல் தூவியது போல நாய்ஸ் எழும், கல்லும் வானமும் சந்திக்கிற விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். இடிபாட்டில் அந்த விளிம்புதான் படமே. அதைக் கெடுத்துக்கொண்டால் எல்லாம் போச்சு.

மேகமூட்டத்தில் எந்த ஃபில்டரும் வானத்தைக் கறுக்கவைக்காது. வெள்ளை மேகத்தில் எல்லா நிறமும் இருக்கிறது, ஃபில்டர் பிடித்து இறக்க நீலம் வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் சிவப்பு ஃபில்டர் மாட்டிக்கொண்டு மப்பு நாளில் அலைகிறவர்களைப் பார்க்கிறேன். (நானும் அலைந்திருக்கிறேன், இரண்டு சுருள் ஃபிலிம் போயிற்று.) மப்பு நாளில் வானத்தைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள். ஈரக்கல்லைத் தேடுங்கள். மழை நின்ற பத்து நிமிடத்தில் கல் ஒரு ஸ்டாப்புக்கு மேல் கறுத்திருக்கும், அதன் மேல் வட்ட வட்டமாக ஒட்டியிருக்கிற வெளிர் கற்பாசி மட்டும் வெள்ளையாக நிற்கும். தரைக்கல்லில் தேங்கிய நீரில் ஜன்னல் தலைகீழாக விழும். என் நல்ல படங்களில் பாதி இப்படிப்பட்ட, யாரும் வெளியே வராத நாட்களில் எடுத்தவை.

‘அந்தக் காலத்துப் படம்’ என்று கேட்டீர்களே, அதில் ஒரு சுவையான குழப்பம் இருக்கிறது. சிவப்பு ஃபில்டர் போட்ட, வானம் கருத்து மேகம் பொங்குகிற படத்தைத்தான் பலரும் பழைய பாணி என்று நினைக்கிறார்கள். அது 20ஆம் நூற்றாண்டின் பாணி. 1854இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் இதே ரீவோவையும் ஃபவுன்டன்ஸையும் கண்ணாடித் தகட்டில் எடுத்தபோது அவர் கையில் இருந்த ஈரக் கொலோடியன் என்ற ஒளியுணர் பூச்சு நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டும்தான் மசியும். வானம் முழுக்க வெள்ளையாக எரிந்துவிடும். பச்சையும் பழுப்பும் கறுத்து நிற்கும். காற்றில் இருக்கிற மெல்லிய புகைமூட்டம் நீல ஒளியைச் சிதறவைப்பதால் தூரத்துச் சுவர் ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறிக்கொண்டே போகும். அந்தப் படங்களில் நாம் காலத்தின் ஆழம் என்று உணர்வதில் பெரும்பங்கு இந்த வெளிறல்தான். ஆக உங்களுக்கு உண்மையிலேயே பழைய தோற்றம் வேண்டுமென்றால் செய்ய வேண்டியது நேர்மாறு: ரா ஃபைலில் சிவப்பையும் பச்சையையும் இறக்கி நீலத்தை ஏற்றுங்கள், வானம் வெளுக்கட்டும். சிவப்பை அறவே உணராத ஆர்த்தோ ஃபிலிமும் பாதி வழி கூட்டிப்போகும். வெற்று வானம் பார்க்க முதலில் குறை மாதிரி தெரியும். ஒரு வாரம் சுவரில் ஒட்டிவைத்துப் பாருங்கள். கல்லின் உடைந்த மேல்விளிம்பு வெள்ளைக் காகிதத்தில் மையால் இழுத்த கோடு போல அத்தனை தெளிவாகப் பேசும்.

கொசுறாக ஒன்று. இன்று நமக்குக் கிடைத்திருக்கிற நெகட்டிவ்களில் மிகப் பழையதை, புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஆங்கிலேயர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் எடுத்தார், எதை? லேக்காக் மடாலயத்தின் ஜன்னலை. ஒரு காலத்தில் கன்னியர் மடம், கலைப்புக்குப் பிறகு வீடாக மாறி அவர் குடும்பத்திடம் வந்தது. ஆக மடாலயமும் நெகட்டிவும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

ஃபிலிம் கேமரா வாங்கலாமா? இந்தக் காரணத்துக்காக என்றால் வேண்டாம். ஜூன் நண்பகலில் ஃபிலிமும் அதே சாம்பலைத்தான் தரும், அதைப் பார்க்க நீங்கள் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஃபிலிமுக்கு இங்கே ஒரு நிஜமான சாதகம் உண்டு: ஜன்னல் வழியாகத் தெரிகிற பிரகாசமான வானம் சட்டென்று வெட்டுப்பட்டு வெள்ளை ஓட்டையாகாமல், மெதுவாகக் கரைந்து போகும். இருண்ட வளைவுக்கும் அதற்குப் பின்னால் தெரிகிற வானத்துக்கும் ஆறேழு ஸ்டாப் இடைவெளி சர்வசாதாரணம். ஃபிலிமில் நிழலை அளந்து, மீட்டர் சொல்வதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து வையுங்கள், டெவலப் செய்கிற நேரத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள், வானம் தாங்கும். டிஜிட்டலில் தலைகீழ்: வானத்தைக் காப்பாற்று, நிழலைப் பிறகு தூக்கு. முக்காலி இருந்தால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று ஷாட் எடுத்து, கையால் சேர்த்துக்கொள்ளலாம். தானாகச் சேர்க்கிற மென்பொருளை நான் நம்புவதில்லை. வளைவின் உள்பக்கமும் வானமும் ஒரே பிரகாசமாகிவிட்டால் அது வளைவே இல்லை, ஒட்டுப்போட்ட காகிதம்.

இருட்டறையில் இதே வேலை கையால் நடக்கும்; காகிதத்தில் வெளிச்சம் விழ விழ அந்த இடம் கறுக்கும். கிழக்கு ஜன்னல் ஒன்றை நான் பிரிண்ட் போட்ட கணக்கு இன்னும் நோட்டில் இருக்கிறது: முழுப் படத்துக்கும் 14 வினாடி, ஜன்னல் திறப்புகளுக்கு மட்டும், அட்டையில் வெட்டிய துளை வழியாக, அட்டையை ஆட்டிக்கொண்டே இன்னும் 20 வினாடி, கடைசியில் கீழ் மூலைகளுக்குக் கைவிரல்களை விரித்து 6 வினாடி. ஆட்டுவதை ஒரு கணம் நிறுத்தினால் கல் சட்டத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். பதினோரு காகிதம் குப்பைக்குப் போய்ப் பன்னிரண்டாவது சரியாக வந்தது. டிஜிட்டலில் ஒரு மாஸ்க் போட்டு, அதாவது மாற்ற வேண்டிய பகுதியை மட்டும் பிரித்து வைத்து, இரண்டு நிமிடத்தில் இதைச் செய்கிறேன், குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் பன்னிரண்டு முறை அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தெரியவந்தவை மாஸ்கில் கிடைக்கவில்லை.

லென்ஸ் விஷயம் சுருக்கமாக. கோபுரத்தை எடுக்க கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே குவியும், விழப்போகிற மாதிரி. கேமராவை மட்டமாக வைத்துத் தூரம் போங்கள், கீழே வருகிற அதிகப்படி புல்லை வெட்டிவிடலாம். ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடியது) இருந்தால் இன்னும் நல்லது. மென்பொருளில் நேராக்குவதாக இருந்தால் நாலு பக்கமும் இடம் விட்டு எடுங்கள், முழுவதும் நேராக்காமல் ஒரு துளி சாய்வு விட்டுவிடுங்கள். நூல் பிடித்த மாதிரி நேராக்கிய கோபுரம் கண்ணுக்கு மேல்பாரமாகத் தெரியும். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, மிஞ்சினால் 11.

புல்வெளி உங்களை எரிச்சல்படுத்தியதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும்தான். கல்லின் அடியில் கத்தரித்த மாதிரி நிற்கிற புல், கைப்பிடிக் கம்பி, விளக்கப் பலகை. இது 20ஆம் நூற்றாண்டில் அரசுத் துறை இந்த இடங்களை எடுத்துக்கொண்டு, கொடியை உரித்து, மண்ணை அள்ளி, புல் விதைத்த பிறகு வந்த தோற்றம். அதற்கு முன்னால் ஐவி கொடி மூடிக் கிடந்தபோது வந்தவர்களுக்கும் குறைதான். 1770இல் வேல்ஸின் டின்டர்ன் மடாலயத்தைப் பார்த்த வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், அதன் முக்கோண முகப்புகள் ரொம்ப ஒழுங்காக இருக்கின்றன, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் அழகு கூடும் என்று எழுதிவைத்தார். ஆக ‘உண்மையான’ இடிபாடு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. பலகையை மறைக்க ஒரு தூணுக்குப் பின்னால் நகருங்கள், புல்லின் நேர்க்கோட்டை நிழல் மூடுகிற நேரத்துக்குக் காத்திருங்கள். மனிதர்களைத் துரத்த வேண்டாம். ஃபென்டனே இடிபாடுகளில் ஆட்களை நிறுத்தி எடுத்திருக்கிறார். மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள் வளைவுக்கு அடியில் நின்றால்தான் அந்த வளைவு எவ்வளவு பெரிது என்பது படத்தில் தெரியும்.

இனி சந்தேகத்துக்குரியவை. அகச்சிவப்புப் படம், அதாவது 720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டு இலையும் புல்லும் பனி போல வெளுக்கிற வகை, புல்லையும் கல்லையும் பிரிப்பதில் மன்னன். ஆனால் பார்க்கிறவர் கண் முதலில் போவது வெள்ளை இலைக்கு, அப்புறம்தான் கல்லுக்கு. நான் ஒரு பருவம் முயன்றுவிட்டு விட்டேன். இதில் என் அனுபவம் சின்னது, பிடித்துப்போய்ச் செய்கிறவர்களைக் கேளுங்கள். செப்பியா (பழுப்புச் சாயல்), செயற்கை கிரெயின் (ஃபிலிம் துகள் போன்ற தோற்றம்), ஓரம் கறுப்பது எல்லாம் உங்கள் இஷ்டம். கெட்டுப்போன படத்தை அவை காப்பாற்றி நான் பார்த்ததில்லை. மேட் காகிதமா பளபளப்பா என்பதில் எனக்கே கருத்து இரண்டு முறை மாறியிருக்கிறது. இப்போதைக்கு பருத்திக் காகிதத்தில் மேட்: கருப்பு கொஞ்சம் மங்கும், ஆனால் கல் கல்லாகத் தெரியும்.

நடைமுறையில் மூன்று விஷயம். முக்காலிக்கும், விற்பதற்காக எடுப்பதற்கும் ஒவ்வொரு இடத்திலும் விதி வேறு, முன்கூட்டி எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒருமுறை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு நான்கு மணி நேரம் ரயிலில் வந்த எரிச்சலோடு திரும்பியிருக்கிறேன். ட்ரோனை மறந்துவிடுங்கள், இப்படிப்பட்ட இடங்களைப் பராமரிக்கிற அமைப்புகளான இங்கிலீஷ் ஹெரிடேஜும் நேஷனல் டிரஸ்டும் தங்கள் இடங்களில் அனுமதிப்பதில்லை. குளிர்காலத்தில் பல இடங்கள் வாரக்கடைசியில் மட்டும் திறக்கும், டிக்கெட் போடுவதற்கு முன் பாருங்கள்.

கையில் இருக்கிற படங்களைத் தூக்கிப்போட வேண்டாம். ஃபவுன்டன்ஸ் பொருட்கிடங்குக்குள் எடுத்தது ஏதாவது இருக்குமே, அதை முதலில் திறங்கள். அங்கே கூரை இருப்பதால் வெளிச்சம் பக்கத்து வாசல்கள் வழியாக மட்டும்தான் வந்திருக்கும், ஜூன் நண்பகல் அங்கே உங்களுக்கு எதிரி அல்ல. வண்ண ஸ்லைடரைத் தொடாமல், நிழலை மட்டும் இறக்கிக்கொண்டே வாருங்கள். தூண்களின் பின்பக்கம் முழுக் கருப்பாகி, முன்விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட்டு, அந்த ஃபைலை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.